ஈரோடு வரைக்கும் இருந்த எண்ணம்

“அப்ப, திரும்பிப் போற எண்ணம் உங்களுக்கு இருந்துச்சு?”

“இருந்துச்சுங்க.”

“எதுவரைக்கும் இருந்துச்சு?”

“ஈரோடு வரைக்குமுங்க.”

வக்கீல் ஞானசம்பந்தம் பேனாவை மூடி வைத்தார். வக்கீலான நாளிலிருந்து அவருக்குச் செக் மோசடி வழக்குகள்தான் தொழில். திருப்பூரில் செக் எழுதுகிறவர்கள் இருக்கிறவரை வேறு வழக்கைத் தேடிப் போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவன் என்று ஒருவன் எதிரே வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

“ஈரோட்டுல என்ன ஆச்சு?”

“லீவுல வர்றப்ப ரயிலடியில டீ குடிச்சேனுங்க. குடிக்கறப்ப, போதும், நின்னுக்கலாம்னு தோணுச்சுங்க.”

சொன்னவன் பிரபாகர். மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மீசை சரியாக முளைக்காத வயதில், கோயம்புத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்று பட்டாளத்தில் சேர்ந்தான். அதற்கு முன் நாலு பனியன் கம்பெனிகளில் சேர்ந்து, நாலிலிருந்தும் நின்றிருந்தான்.

திருப்பூரில் வேலையை விடுவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போக வேண்டும், திரும்பி வராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதலாளி நாலைந்து நாள் பார்ப்பார். பிறகு அந்த மெஷினில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். அடுத்த தைப்பூசத்தில் இருவரும் கோயில் வாசலில் எதிர்ப்பட்டால், “இப்ப எங்க இருக்கறே?” என்று அவர் கேட்பார். இவன் புதுக் கம்பெனியின் பெயரைச் சொல்வான். “நல்ல கம்பெனி” என்பார். யாருக்கும் வருத்தம் இருக்காது.

பட்டாளமும் அப்படித்தான் என்று பிரபாகர் நினைத்துவிட்டான். தீபாவளி லீவில் வந்தவன் நின்றுகொண்டான். ‘இந்நேரம் வேற ஆள் போட்டிருப்பாங்க’ என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டான். நாட்டின் வட எல்லையைப் பற்றி அவன் கடைசியாகப் பட்ட கவலை அதுதான்.

“பத்து வருஷமா யாரும் தேடி வரலையா?” என்றார் வக்கீல்.

“அப்ப நாங்க குடியிருந்த லைன் ஊட்டை இடிச்சுப்போட்டாங்க. வந்திருந்தாலும் ஆரைப் போய்க் கேட்டிருப்பாங்க?”

“சரி, இத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப எதுக்கு வந்தீங்க?”

அதற்குக் காரணம் இருந்தது. போன வாரம் முதலாளி சிவபிரகாஷ் எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொல்லி, கட்டிங் டேபிள் மேல் ஏறி நின்று, ராணுவத்துக்குப் பனியன் தைக்கிற ஆர்டர் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது என்று அறிவித்தார். ஆவணியில் ஒரு மேஜர் நேரில் வந்து தையலைப் பார்வையிடுவார். எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார்கள். பிரபாகர் பாதி கடித்த ஜாங்கிரியைக் காகிதத்தில் மடித்து வைத்தான். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் அவனுக்கும் கோமளாவுக்கும் கல்யாணம்.

ஞானசம்பந்தம் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

“ராணுவச் சட்டத்துல பெரும்பாலான குத்தத்துக்கு மூணு வருஷம்தான் கெடு. அதுக்குள்ள விசாரணையை ஆரம்பிக்கலீன்னா, அப்புறம் கோர்ட் மார்ஷல் பண்ண முடியாது.”

பிரபாகரின் முகம் மலர்ந்தது. “அப்ப நமக்கு முடிஞ்சுபோச்சுங்களா?”

“ஓடிப் போறதுக்கு மட்டும் கெடுவே கிடையாது. எப்ப வேணாலும் பிடிக்கலாம்.”

முகம் பழையபடி ஆயிற்று.

“ஆனா தம்பி, சொல்லாம லீவு போட்டதுக்குக் கெடு உண்டு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னா, மனசுதான். திரும்பிப் போகணும்கற எண்ணத்தோட இருந்தா அது லீவு. அந்த எண்ணம் இல்லீன்னா அது ஓட்டம். இன்னொண்ணு, பிடிபடக் கூடாதுன்னு ஒளிஞ்சிருந்த காலம் அந்த மூணு வருஷத்துல சேராது. நீங்க ஒளிஞ்சிருந்தீங்களா?”

“இல்லீங்க. நைட் ஷிஃப்ட்ல இருந்தேன்.”

“உங்க சாமானெல்லாம்?”

“ட்ரங்குப் பெட்டி அங்கயேதானுங்க இருக்குது.”

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அருமை! திரும்பி வர்றவன்தானே பெட்டியை விட்டுட்டு வருவான். எதுக்காக விட்டுட்டு வந்தீங்க?”

“கனமா இருந்துச்சுங்க.”

“இதை மட்டும் வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க.” புத்தகத்தை மூடினார். “கேட்டுக்கங்க. இன்னையிலிருந்து நீங்க நாளைக்கே பட்டாளத்துக்குத் திரும்பப் போறவர் மாதிரி இருக்கணும். அதே சமயத்துல ஒளியவும் கூடாது. நாலு பேர் கண்ணுல படற மாதிரி நடமாடணும். இந்த ரெண்டும் இருந்தா, யார் வந்தாலும் நான் பேசிக்கறேன்.”

பிரபாகர் சொன்னதைச் செய்கிறவன். பட்டாளத்தில் இருந்த கொஞ்ச காலத்திலும் அவனைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. அன்று சாயங்காலமே காதின் மேல் தோல் தெரிகிற மாதிரி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டான். கறுப்பு ஷூ வாங்கித் துடைத்தான். ஒரு சூட்கேஸில் துணிமணிகளை மடித்து வைத்து, வாசற்படிக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி நிறுத்தினான்.

தெருவிலிருந்து முதலில் பார்த்தவர் வீட்டுக்காரம்மா மாரக்காள்.

“ஏங்கண்ணு, காலி பண்றயா? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்றாள். இல்லை என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், வீடு பார்க்க வந்த ஒரு குடும்பம் அவனைத் தாண்டி உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தது.

அடுத்த நாள் கோமளாவின் அப்பா அங்கமுத்து வந்துவிட்டார். சாமளாபுரத்தில் நாலு தறி போட்டிருக்கிறவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்பதால், ரகசியம் பேசினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

“மாப்ள, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க பெட்டி கட்டி வெச்சிருக்கறதா சொன்னாங்க. கல்யாணத்தை வெச்சுக்கிட்டு எங்கயோ கிளம்பறீங்களாமா?”

பிரபாகர் சூட்கேஸைப் பார்த்தான். அங்கமுத்துவும் சூட்கேஸைப் பார்த்தார்.

“ஊட்டிக்குங்க மாமா. கல்யாணம் ஆனதும், நானும் கோமளாவும் போலாம்னு.”

“அதுக்கு இப்பவேவா கட்டி வெச்சீங்க?”

“ஒரு ஆர்வமுங்க.”

அங்கமுத்து வெட்கப்பட்டுத் தெருவைப் பார்த்தார். பிறகு சந்தோஷமாகப் போய், சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் மாப்பிள்ளையின் ஆர்வத்தைச் சொன்னார். அந்த வாரக் கடைசிக்குள் ஊட்டிக்கு ஒரு வேன் பேசப்பட்டது. அதில் இடம் போதாது என்று இன்னொரு வேனும் பேசப்பட்டது.

திரும்பிப் போகிற எண்ணம் இவ்வாறாக ஊரறிய நிலைநாட்டப்பட்டது. அடுத்தது நாலு பேர் கண்ணில் படுவது. அதற்குச் சுதந்திர தினம் வந்தது.

கம்பெனியில் வருஷா வருஷம் கொடியேற்றுவார்கள். முதலாளி கயிற்றை இழுப்பார், பூ விழும், மிட்டாய் கொடுப்பார்கள். இந்தத் தடவை பிரபாகர் தானாகப் போய், “அணிவகுப்பு மாதிரி ஒண்ணு நானே நடத்தறேனுங்க” என்றான். சிவபிரகாஷ் சந்தோஷமாகச் சரி என்றார்.

கொடிக்கம்பத்தின் முன்னால் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் வரிசையாக நின்றார்கள். பிரபாகர் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தான். ஆனால் அடிவயிற்றில் பத்து வருஷமாகச் சுருண்டு படுத்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே வந்தது.

“சாவ்… தான்!”

கொடிக்கம்பத்தில் இருந்த காக்கை பறந்தது. நிட்டிங்கில் வேலை செய்கிற பீகார் பையன்கள் மூன்று பேரும் அடிபட்டவர்கள் போல விறைத்து நின்றார்கள். அது ‘விறைத்து நில்’ என்கிற இந்தி என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவர்களும் விறைத்தார்கள். பிரபாகர் காலைத் தூக்கித் தரையில் அடித்துத் திரும்பி, முதலாளிக்கு ஒரு சல்யூட் வைத்தான். சிவபிரகாஷின் கண்கள் கலங்கிவிட்டன. அவருக்கு யாரும் அதுவரை சல்யூட் வைத்ததில்லை.

“பிரபாகரு,” என்றார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. “இவ்வளவு திறமைய இத்தனை நாளா எங்கய்யா வெச்சிருந்தே? அந்த மேஜர் வர்றப்ப, அவரைக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சுத்திக் காட்டறது நீதான்.”

“நானுங்களா? எனக்கு அன்னைக்கு உடம்பு சரியில்லாமப் போகுமுங்க.”

“அது இன்னும் பத்துப் பதினஞ்சு நாள் இருக்குதய்யா!”

“இப்பவே ஒரு மாதிரி இருக்குதுங்க.”

“மிட்டாய் தின்னு, சரியாப் போகும்” என்றார் முதலாளி.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோமளா அவனைப் பிடித்துக்கொண்டாள். அவள் அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். ஒரு பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மனிதர்களையும் அப்படித்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

“ஏனுங்க, ஊட்டிக்கு எங்க பெரியப்பா வர்றாங்களாமா, சித்தி வர்றாங்களாமா, தறிக்கு வர்ற ரெண்டு ஆளும் வர்றாங்களாமா. நாம வர்றமா?”

“கோமளா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“முடியை இப்படி வெட்டிட்டு வந்த அன்னைக்கே நினைச்சேன். சொல்லுங்க.”

அவன் சொன்னான். பனி, மலை, லீவு, ஈரோட்டு டீ, வக்கீல், மூன்று வருஷக் கெடு எல்லாவற்றையும் சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

“பட்டாளத்துல இருந்துமா நின்னீங்க?”

“ஆமா.”

“உலகத்துல எல்லாம் ஒரே பனியன் கம்பெனின்னு நினைச்சீங்களா?”

“அப்ப அப்படித்தான் நினைச்சேன்.”

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். “என்றகிட்ட இருந்தும் ஒரு நாள் அப்படி நின்னுக்குவீங்களா?”

“இல்ல கோமளா. எங்கயும் போற எண்ணம் இல்ல.”

“எதுவரைக்கும்?”

வக்கீல் கேட்டபோது சுலபமாகப் பதில் வந்த கேள்விதான் அது. இப்போது அவன் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினான். கோமளா எழுந்து கை கழுவப் போனாள். போகிறபோது திரும்பிச் சொன்னாள்:

“எங்கப்பன்கிட்ட சொல்லாதீங்க, சாமளாபுரம் முச்சூடும் கேக்கும். அந்த மேஜர் கேட்டாப் பொய்யும் சொல்லாதீங்க. பொய் சொன்னா உங்க மூஞ்சி தனியாத் தெரியுது. அன்னைக்கு ஓடிப்போயிட மட்டும் வேண்டாமுங்க. நான் செக்கிங் டேபிள்ல இருந்து பார்த்துட்டே இருப்பேன்.”

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேஜர் வந்தார். காலையில் கம்பெனிக்குக் கிளம்பியவன் பஸ் ஸ்டாப்பில் கொஞ்ச நேரம் நின்றான். ஈரோடு போகிற பஸ் ஒன்று வந்து, அவனுக்காகவே நின்றது போல நின்று, போயிற்று. அவன் ஏறவில்லை. அது தனக்கே ஆச்சரியமாக இருந்தது என்று பிற்பாடு கோமளாவிடம் சொன்னான்.

மேஜர் பயப்படும்படியாக இல்லை. குள்ளமாக, மூக்குக் கண்ணாடியும் மெல்லிய குரலுமாக இருந்தார். அவருக்கு ஆட்களைப் பார்க்கும் பழக்கமே இல்லை. பனியனை மட்டும் பார்த்தார். விரல்களை உள்ளே விட்டு இழுத்தார், திருப்பிப் போட்டு முகர்ந்தார்.

பயப்படும்படியாக இருந்தவன் அவருக்குப் பின்னால் வந்த சிப்பாய்தான். அளக்கிற டேப்பும் சாம்பிள் பையும் வைத்துக்கொண்டு நின்றான். சுடலைமுத்து என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நெடுநெடுவென்று உயரம். சிரிப்பதற்கு என்று செய்யப்படாத முகம். அவன் பனியனைப் பார்க்கவே இல்லை. பிரபாகரின் முடியைப் பார்த்தான். பிறகு ஷூவைப் பார்த்தான்.

ஓரம் தைக்கிற ஓவர்லாக் லைனுக்கு வந்ததும் மேஜர் குனிந்தபடியே இந்தியில் ஏதோ கேட்டார். பிரபாகர் யோசிப்பதற்குள் இரண்டு குதிகாலும் தாமாகச் சேர்ந்து சத்தம் எழுப்பின. “ஜீ, சாப்!” என்றது வாய்.

மேஜர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். சுடலைமுத்து போகவில்லை.

“எந்த ரெஜிமெண்டு?” என்றான், உதடு அசையாமல்.

பிரபாகரின் கையில் இருந்த பண்டல் கீழே விழுந்தது.

“துணி வைக்கிற குடோன் எங்கன இருக்கு?”

“பின்னாலிங்க.”

“காட்டும். நான் பாக்கணும்.”

செக்கிங் டேபிளைத் தாண்டித்தான் போக வேண்டும். கோமளா ஒரு பனியனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதன் கழுத்துத் துளை வழியாக அவனைப் பார்த்தாள். பிரபாகர் ஓடவில்லை. குடோன் வரை நடந்தான்.

உள்ளே துணி உருளைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. புதுத்துணியின் சாய நெடி. சுடலைமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஒமக்குப் பென்சன் வாங்குற வயசு இல்லியே.”

“இல்லீங்க.”

“இங்க வந்து எத்தனை வருசம்?”

“பத்து வருசமுங்க.”

“வேலையில சேரும்போது முன்னாடி எங்க இருந்தேன்னு விசாரிச்சாவளா?”

“இல்லீங்க. ஓவர்லாக் தெரியுமான்னு மட்டும் கேட்டாங்க.”

“தங்குன இடத்துல? வீட்டுக்காரவுக ஒண்ணும் கேக்கலையோ?”

“தண்ணி அளவாப் பிடிக்கோணும்னு சொன்னாங்க.”

“போலீசு?”

“வரலீங்க.”

“பட்டாளத்துல இருந்து ஆளு?”

“நீங்கதானுங்க மொத ஆளு.”

“பத்து வருசத்துல ஒருத்தன்கூட வரல?” சுடலைமுத்துவின் புருவம் உயர்ந்தது. “சொந்தக்காரவுகளுக்குத் தெரியுமா?”

“ஒருத்தருக்குத் தெரியுமுங்க. அவங்களை இதுல இழுக்க வேண்டாமுங்க.”

அதற்கு மேல் பிரபாகரால் தாங்க முடியவில்லை. வக்கீல் சொல்லிக் கொடுத்ததை மூச்சு விடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தான்.

“ஐயா, மூணு வருசக் கெடு முடிஞ்சு ரொம்ப நாள் ஆச்சுங்க. நான் ஒளிஞ்சிருக்கலீங்க, கொடியேத்தறப்பக்கூட முன்னாடிதான் நின்னேன். பெட்டிய அங்கயே விட்டுட்டுத்தான் வந்தேனுங்க. சட்டப்படி இது லீவுதானுங்க. திரும்பி வர்ற எண்ணம் எனக்கு எப்பவும்…”

எப்பவும் என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. கழுத்துத் துளை வழியாகப் பார்த்த கண்கள் நினைவுக்கு வந்தன. அடுத்து அவன் பேசியதை ஞானசம்பந்தம் கேட்டிருந்தால், வக்கீல் தொழிலையே விட்டிருப்பார்.

“பொய்யுங்க. ஈரோட்டுக்கு அப்புறம் அந்த எண்ணம் எனக்கு இல்லவே இல்லீங்க. பெட்டி கனமா இருந்துச்சு, அதனால விட்டுட்டு வந்தேன். எனக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணமுங்க. இந்த ஊரை விட்டு, அந்தப் புள்ளைய விட்டு, எங்கயும் போற எண்ணம் இல்லீங்க. இதுக்குக் கெடு கிடையாதுன்னும் தெரியும். பிடிக்கறதா இருந்தா பிடிச்சுக்கோங்க. தாலி கட்டற வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோங்க.”

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தைவிட்டு நகராமல் நிற்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. அது நன்றாகவே இருந்தது.

சுடலைமுத்து நீட்டிய கைகளைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தான். மேஜர் தூரத்தில், ஒரு பனியனை முகர்ந்துகொண்டிருந்தார். சுடலைமுத்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். தொப்பியைக் கழற்றினான். ஒரு துணி உருளையின் மேல் உட்கார்ந்து, குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டான்.

“அண்ணாச்சி, வார வெள்ளிக்கிழமை எனக்கு லீவு ஆரம்பிக்கி, திரும்பிப் போறதா இல்ல, தையல் தெரியாது, ஆனா சொல்லிக் குடுத்தா படிச்சுக்கிடுவேன். ஒங்க மொதலாளிகிட்ட எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவியளா?”